"ஹைட் பண்ணிட்டுத்தான் சார் அனுப்பினேன்"

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு பனியன் கம்பெனியின் ஹெச்ஆரிடமிருந்து போன். எடுத்ததும் முதல் வார்த்தையே, "சார், ஹைட் பண்ணிட்டுத்தான் சார் அனுப்பினேன்." என்ன, ஏது என்று கேட்கவே தேவைப்படவில்லை. அந்த வருடத்தில் எனக்கு வந்த மூன்றாவது 'ஹைட்' போன் அது.

திருப்பூர், கோவைப் பக்கத்துச் சிறு கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல், பிஎஃப், இஎஸ்ஐ வேலைகளை 19 வருடமாகச் செய்து தருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன். ஆட்கள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

போனஸ் பட்டியலில் யார் பெயராவது விட்டுப்போயிருக்கிறதா என்று சூப்பர்வைசர்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கென்று தனிப் பட்டியல் போட ஹெச்ஆருக்கு நேரமில்லை. எல்லோர் விவரமும் மொத்தமாக இருக்கும் மாஸ்டர் எக்செல் ஃபைலையே எடுத்தார். பெயர், டோக்கன் நம்பர், செக்‌ஷன் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற நெடுவரிசைகளை எல்லாம் ஹைட் செய்தார், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தார். சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். குரூப்பில் நாற்பது பேர். அதில் நாலு பேர் வேலையை விட்டுப் போயே ஒரு வருடம் ஆகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஹைட் செய்த இடத்தில் இருந்தவை: சம்பளம், வங்கிக் கணக்கு, ஆதார், பான், யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்), பிறந்த தேதி, வீட்டு விலாசம், நாமினி பெயர். கடைசியில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு வரிசை. நீண்ட லீவு எடுத்தவர்களுக்கு என்ன காரணம் என்று ஹெச்ஆர் தனக்காகக் குறித்து வைத்துக்கொண்டது. ஓவர்லாக் செக்‌ஷனில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு நேராக நாலு வார்த்தையில் ஒரு மருத்துவக் காரணம் எழுதியிருந்தது. அது என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தக் குரூப்பில் நானும் சேர்ந்த மாதிரி. மறுநாள் டீ டைமுக்குள் செக்‌ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. போனஸ் வாங்கக்கூட வரவில்லை.

சரி, அந்த ஹைட் விஷயத்தை இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

எக்செலில் ஹைட் என்பது கண்ணுக்கு முன்னால் திரை போடுவது, அவ்வளவுதான். ஒரு எழுத்துகூட அந்த ஃபைலிலிருந்து அழிவதில்லை. இரண்டு பக்கத்து வரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'அன்ஹைட்' கொடுத்தால் எல்லாம் வந்து நிற்கும். எட்டாம் வகுப்புப் பையன் செய்வான். சில போன்களில் அந்த வேலைகூட வேண்டாம், ஃபைலைத் திறந்ததும் மறைத்ததும் சேர்ந்தே தெரியும். 'ஃபில்டர் போட்டு அனுப்பினேன்' என்பதும் இதே கதைதான். ஃபில்டரில் தெரியாத ஆட்கள் ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்தை வெள்ளை நிறமாக மாற்றி அனுப்பிய ஒரு மகானையும் பார்த்திருக்கிறேன். பிவட் டேபிள், அதாவது கூட்டித் தொகுத்த அட்டவணை, மட்டும்தானே அனுப்பினேன் என்பார்கள். அந்த மொத்தத் தொகையின் மேல் இரண்டு முறை தட்டினால், அடியில் இருக்கும் ஆள்வாரிப் பட்டியல் புது ஷீட்டாகக் கொட்டும். 'ஷீட் ப்ரொடெக்ட் பண்ணி பாஸ்வேர்ட் போட்டிருக்கேன்' என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அது தெரியாமல் யாரும் திருத்திவிடாமல் இருக்கப் போடும் தாழ்ப்பாள். திருடனுக்குப் போடும் பூட்டு வேறு. ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்ட் கேட்கும்படி 'என்கிரிப்ட்' என்று தனியாக இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

நம்ம ஊர் ஹெச்ஆர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறையே இதில் மாட்டியது. எந்தெந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டார். எண்ணிக்கையை எக்செலில் போட்டு அனுப்பினார்கள். அதே ஃபைலில் மறைந்திருந்த இன்னொரு ஷீட்டில் 9,483 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, வேலை பார்க்கும் இடம் எல்லாம் இருந்தன. பொது இணையதளத்தில் சில மணி நேரம் கிடந்தது. ஆயுதக் குழுக்களின் மிரட்டல் இன்னும் இருக்கிற ஊர் அது. போலீஸ் வேலை பார்ப்பதையே அக்கம்பக்கத்துக்குச் சொல்லாமல் குடியிருப்பவர்கள் அங்கே உண்டு. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் விதித்த அபராதம் ஏழரை லட்சம் பவுண்ட். ஹேக்கர் என்று ஒருவர்கூட அதில் இல்லை.

சரியான வழி ரொம்பச் சின்னது. புது ஃபைல் திறங்கள். தேவையான மூன்று வரிசையை மட்டும் காப்பி எடுத்து, 'வேல்யூஸ்' ஆகப் பேஸ்ட் செய்யுங்கள். அதை அனுப்புங்கள். இரண்டு நிமிடம். பெயர் சரிபார்க்க மட்டும் என்றால் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில்கூட ஒட்டலாம். பேப்பரில் அன்ஹைட் கிடையாது.

பேப்பர் என்றதும் இன்னொன்று. அவிநாசி ரோட்டில் ஒரு டீக்கடையில் எனக்குப் பருப்பு வடை மடித்துக் கொடுத்த தாளைத் திருப்பினால், இஎஸ்ஐ படிவத்தின் ஜெராக்ஸ். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், குடும்ப போட்டோவோடு. எண்ணெய் பட்டு அந்த அம்மாவின் முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வடையைச் சாப்பிடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போடும் கம்பெனிகளே, துண்டாக்கும் மெஷின் பெரிய செலவில்லை. அதுவும் முடியாது என்றால் ஆளை வைத்துக் கிழிக்கச் சொல்லுங்கள்.

முதலாளிகளிடம் இதைப் பேசினால் வருகிற பதில் எனக்கு மனப்பாடம். "ஆதார் என்ன சார் ரகசியம்? லாட்ஜ்ல கொடுக்கறான், சிம் கடையில கொடுக்கறான்." ஆதார் எண் மட்டும் தனியாக இருந்தால் ஒருவேளை பெரிதாக ஒன்றும் ஆகாது. உங்கள் மாஸ்டர் ஃபைலில் அது தனியாக இல்லையே. எந்த பேங்க், எந்த கிளை, எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியில் ஏறும், பெண்டாட்டி பெயர் என்ன என்று பக்கத்திலேயே வரிசையாக இருக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் உங்கள் தொழிலாளியைக் கூப்பிட்டு, "பிஎஃப் ஆபீஸ்ல இருந்து பேசறோம், உங்க நாமினி இன்னாரு, சரியா?" என்றால் அவர் நம்பாமல் என்ன செய்வார்? அந்தப் பக்கம் இருப்பவன் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கிறது. ஓடிபியைச் சொல்லிவிடுவார். அப்புறம் 'படிக்காதவங்க சார், ஏமாந்துடறாங்க' என்று நாமே சொல்வோம்.

அடுத்து வருவது, "நம்ம ஆளுங்கதானே." யுஏஎன் பாஸ்வேர்ட் நோட்டு இங்கிருந்துதான் பிறக்கிறது. பிஎஃப் போர்ட்டல் பக்கம் வந்து போகும் யாருக்கும் நான் சொல்வது தெரியும். எல்லாத் தொழிலாளியின் பாஸ்வேர்டும் ஒரு நீள நோட்டில். அதுவும் கம்பெனி பெயர், அட், 123 என்று எல்லோருக்கும் ஒன்றே. சில இடங்களில் தொழிலாளியின் மொபைல் எண்ணுக்குப் பதில் டைம் ஆபீஸ் பையனின் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பார்கள். ஓடிபி கேட்டு ஷெட்டுக்கு ஓட வேண்டாமாம், சௌகரியம். அந்தப் பையன் வேறு வேலைக்குப் போன பிறகும் ஓடிபி அவன் போனுக்கே போய்க்கொண்டிருக்கும். அவன் நல்லவனாக இருந்தால் நமக்கு போன் போட்டுச் சொல்வான். ஒரு மனுஷனின் பதினைந்து வருடச் சேமிப்பை, இன்னொருவன் நல்லவனாக இருப்பான் என்ற நம்பிக்கையில் விட்டுவைப்பது எனக்கு ஜீரணமாகவில்லை.

ஒடிசா, பீகார்ப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளின் அசல் ஆதார் அட்டையையே வாங்கி பீரோவில் வைக்கும் காண்ட்ராக்டர்களுக்குத் தனியாக ஒரு வரி: திருப்பிக் கொடுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன், நீட்ட மாட்டேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டிலேயே ஜனாதிபதி ஒப்புதல் பெற்றுவிட்டது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தகவலைக் கசியவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. இதைச் சொன்னதும் ஒரு முதலாளி சிரித்தார், "நம்ம டர்ன்ஓவரே அவ்வளவு இல்லையே!" அது உச்சவரம்பு ஐயா, எல்லோருக்கும் ஒரே தொகை இல்லை. அப்புறம் 2027 வரைக்கும் சும்மா இருக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். மருத்துவ விவரம், வங்கி விவரம், கைரேகை எல்லாம் அந்தரங்கத் தகவல் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் விதிகள் 2011-லேயே சொல்லிவிட்டன. ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 சட்டம் இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்று 2013 சட்டம் சொல்கிறது. உள் புகார்க் குழுவின் கூட்டக் குறிப்பை எல்லோரும் திறக்கக்கூடிய ட்ரைவ் ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கும் கம்பெனிகள், இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே போய் எடுங்கள்.

வேலைக்குத் தேவையான தகவலை வாங்க ஒவ்வொரு தடவையும் சம்மதக் கையெழுத்து வேண்டியதில்லை, புதுச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் சம்பளம் போடுவதற்காக வாங்கிய போன் நம்பர்களை மைத்துனரின் சீட்டுக் கம்பெனிக்குக் கொடுப்பது வேலைக்குத் தேவை என்பதில் சேராது.

செய்ய வேண்டியதைக் கடகடவென்று சொல்லிவிடுகிறேன். ரிமார்க்ஸ் வரிசையை இன்றைக்கே அழியுங்கள். 'மருத்துவ விடுப்பு' என்று இரண்டு சொல் போதும், நோயின் பெயர் சம்பளப் பட்டியலுக்கு எதற்கு? மாஸ்டர் ஃபைலைத் திறக்கக்கூடியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள், இரண்டு பேருக்கு மேல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எனக்கோ ஆடிட்டருக்கோ அனுப்பும்போது என்கிரிப்ட் செய்து மெயிலில் அனுப்பி, பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மெயிலில் எழுதினால் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மாதிரி. பே ஸ்லிப்புக்குப் பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைத்துவிட்டு, குரூப்பில் பிறந்தநாள் போஸ்டர் போடாதீர்கள். கேன்டீன், ஹாஸ்டல், செக்யூரிட்டி ஆபீஸ் இவர்களுக்கெல்லாம் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த ஆதார் போதும், ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பிஎஃப்புக்கு முழு எண் வேண்டும், அது வேறு. வேலையை விட்டவரை அன்றைக்கே எல்லா குரூப்பிலிருந்தும் நீக்குங்கள்.

முதலாளி பெயரில் "அர்ஜென்ட், சம்பள ஷீட் அனுப்பு" என்று மெயில் வந்தால், எழுந்து போய் அவரையே கேளுங்கள். திட்டினால் திட்டட்டும். 2016-ல் ஸ்னாப்சாட் கம்பெனியிலேயே தலைவர் பெயரில் வந்த இப்படியொரு மெயிலை நம்பிப் பேரோல் விவரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். "என் சேலரி அக்கவுண்ட் மாத்தணும், புது நம்பர் இது" என்று தொழிலாளி பெயரில் மெசேஜ் வந்தாலும் அப்படித்தான். மெசேஜ் வந்த நம்பரைக் கூப்பிடாதீர்கள், ரெஜிஸ்டரில் இருக்கும் பழைய நம்பரைக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் மீறிக் கசிந்துவிட்டால், தயவுசெய்து, முதலில் உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். அந்தத் தீபாவளிச் சம்பவத்தில் முதலாளி கடைசிவரை தயங்கினார், "சொன்னா பயந்துடுவாங்க சார்." பயப்படட்டும். பயந்தவர் ஓடிபி சொல்ல மாட்டார். ஒருவழியாகச் சம்மதித்து, சாப்பாட்டு ஹாலில் நிற்கவைத்துத் தமிழிலும் இந்தியிலும் சொன்னோம்: உங்கள் விவரம் வெளியே போய்விட்டது, தப்பு எங்களுடையது, யார் போன் செய்து எதைக் கேட்டாலும் சொல்லாதீர்கள், பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார், "அந்த அக்காகிட்ட யாராவது போய் மன்னிப்புக் கேட்டீங்களா?" ஹெச்ஆர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று சாயங்காலம் அவரும் நானும் அந்தப் பெண்ணின் வீடு வரைக்கும் போனோம். கதவு பூட்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து வேறொரு கம்பெனியிலிருந்து, அதுவும் என் கிளையன்ட்தான், புதிதாகச் சேர்ந்தவர்களின் பிஎஃப் படிவங்கள் வந்தன. மூன்றாவது படிவத்தில் அந்தப் பெண்ணின் பெயர். கட்டாயமாக நிரப்ப வேண்டியதை மட்டும் நிரப்பி, மீதியெல்லாம் கோடு இழுத்திருந்தார். படிவங்கள் எனக்கு வந்தது வாட்ஸ்அப்பில், ஆறு போட்டோவாக. அந்தக் கம்பெனி ஹெச்ஆருக்கு உடனே போன் போட்டேன். "நம்ம குரூப்லதான் சார் போட்டேன்" என்றார்.