கன உலோகம்: சொல்லும் அதன் எல்லையும்

சுரங்கங்களை ஒட்டிய வயல்களின் மண்ணையும் பயிரையும் ஆராயும் எந்த அறிக்கையிலும் 'ஹெவி மெட்டல்' என்ற சொல் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் இதைக் கன உலோகம் என்கிறோம். பார உலோகம் என்று எழுதுவோரும் உண்டு. சிலர் எழுதும் 'கடின உலோகம்' பிழையானது. ஈயத்தை நகத்தால் கீறலாம். பாதரசமோ அறை வெப்பத்தில் நீர்மமாகவே இருக்கிறது. ஆயினும் இவை இரண்டும் இந்த வகையின் முதல் வரிசையில் நிற்பவை.

ஜெர்மானிய வேதியியலாளர் லியோபோல்ட் க்மெலின் 1817-இல் தனிமங்களை அலோகங்கள், இலேசான உலோகங்கள், கன உலோகங்கள் எனப் பிரித்தார். ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 கிராம் வரை அடர்த்தி உள்ளவை இலேசானவை, அதற்கு மேற்பட்டவை கனமானவை என்பதே அந்தப் பிரிவு. நஞ்சு என்ற எண்ணம் அதில் இல்லை. மேலே உள்ள வரையறையிலேயே 'கன' என்பது ஓரிடத்தில் எடையையும் மற்றோரிடத்தில் கொள்ளளவையும் குறிப்பதைக் காணலாம். ஒரு மூட்டைப் பஞ்சும் கனக்கத்தான் செய்கிறது. இங்கே அளக்கப்படுவது எடை அன்று, அடர்த்தி. ஆகவே வரையறைக்கு நேரான தமிழ் 'அடர் உலோகம்' என்பதே. எனினும் கன உலோகம் பாடநூல்களில் வேரூன்றிவிட்டதால் அதை மாற்றச் சொல்ல மாட்டேன்.

உண்மையான சிக்கல், அடர்த்தியைக் குறித்த சொல் நஞ்சைக் குறிக்கும் சொல்லாகப் பின்னாளில் புழங்கத் தொடங்கியதில் இருக்கிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3, அணிகிறோம், ஒன்றும் செய்வதில்லை. பெரிலியத்தின் அடர்த்தி வெறும் 1.85, அதன் தூள் நுரையீரலை அழிக்கும். ஆர்செனிக் உலோகமே அன்று, உலோகப்போலி. தாமிரமும் துத்தநாகமும் அளவோடு இருந்தால் பயிருக்கு நுண்ணூட்டம், மிகுந்தால் கேடு. பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் இதழில் 2002-இல் வெளியான ஓர் அறிக்கை, இது பொருளற்ற சொல்லோ என்று தலைப்பிலேயே கேட்டது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே கருதுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்காமல் ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டியது ஏன் என்பதை ஜப்பானின் தோயாமா மாவட்டத்தில் நடந்தது காட்டும். ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கமியோகா சுரங்கத்தில் ஈயமும் துத்தநாகமும் எடுக்கப்பட்டன. துத்தநாகத் தாதுவோடு இயற்கையாகவே சேர்ந்திருக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகம், சுரங்கக் கழிவோடு ஆற்றில் கலந்து, பாசன நீர் வழியாக நெல்வயல்களில் படிந்தது. அந்த அரிசியை உண்டு, அந்த நீரைக் குடித்து வாழ்ந்தவர்களின் சிறுநீரகங்கள் பழுதாகி எலும்புகள் முறிந்தன. பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்த பெண்களே இதற்கு ஆளானார்கள். 'இத்தாய், இத்தாய்', அதாவது 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று அவர்கள் அலறியதே நோயின் பெயராயிற்று. சுரங்கக் காட்மியமே காரணம் என்று ஜப்பானிய அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. மாசுபட்ட வயல்களைச் சீர்செய்யும் பணி 1979-இல் தொடங்கி 2012-இல்தான் நிறைவடைந்தது.

காட்மியம் நெல்லுக்குள் நுழையும் விதம் கவனிக்கத்தக்கது. வேர் மாங்கனீசை உறிஞ்சுவதற்காக வைத்திருக்கும் அதே புரத வாயில் வழியே அதுவும் உள்ளே போகிறது. வயலில் நீர் தேங்கியிருக்கும்வரை காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். கதிர் முற்றும் வேளையில் நீரை வடித்ததும் மண்ணில் காற்றுப் புகுந்து, அது கரைந்து தானியத்துக்கு ஏறும். எனவே கதிர் விட்ட பிறகும் நீரைத் தேக்கி வைக்கச் சொல்கிறார்கள். ஆர்செனிக்கின் போக்கோ நேர்மாறானது. நீர் தேங்கினால்தான் அது விடுபட்டுப் பயிரைச் சேரும். இரண்டும் கலந்த மண்ணில் உழவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று மிஞ்சிவிடும்.

இத்தனை வேறுபாட்டையும் 'கன உலோக மாசு' என்ற ஒற்றைத் தொடர் மறைத்துவிடுகிறது. பொதுவாகச் சொல்லும்போது அத்தொடர் போதும். கேட்டைக் குறிப்பிடும் இடத்தில் 'நச்சு உலோகம்' என்பதே பொருந்தும். ஆர்செனிக்கும் இருந்தால் 'நச்சுத் தனிமம்' என்று எழுதலாம். மண் ஆய்வு முடிவை வெளியிடுவோர், எந்தத் தனிமம், ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம், அதில் நீரில் கரையக்கூடியது எவ்வளவு என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும். வயலில் நீரைத் தேக்குவதா வடிப்பதா என்பதை உழவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.