நெட்வேர்க்கே இல்லாத கணினியில் பிரிண்டர் தொலைவது ஏன்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் இருப்பது ஒரேயொரு லினக்ஸ் கணினி. ரவுட்டர் இல்லை, இணையம் இல்லை. யூஎஸ்பி வயரில் பிரிண்டரை மாட்டினாலும் பட்டியலில் வருவதில்லை. டிரைவரை எத்தனை தடவைதான் போடுவது?"

டிரைவரை விட்டுவிடுங்கள். இப்போதைய பிரிண்டர்கள் பல, யூஎஸ்பி வயருக்குள்ளும் நெட்வேர்க் பிரிண்டர் போலவே பேசுகின்றன. ஐபிபி-யூஎஸ்பி என்ற சேவை அதைக் கணினிக்குள்ளேயே, வழக்கமாக 60000ஆம் போர்ட்டில் (சேவைகளுக்கான இலக்கமிட்ட வாசலில்) திறந்து, கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் இடைமுகத்தில், கருவிகளை அறிவித்துத் தேடும் அவாஹி என்ற சேவை வழியாக அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு எட்டாவிட்டால், மேசைமேல் நிற்கும் பிரிண்டர் கணினிக்குத் தெரியாது.

அறிவிக்கும் முறைக்கு எம்டிஎன்எஸ் என்று பெயர். 2013இல் ஆர்எப்சி 6762 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. எனக்கு மிகப் பிடித்த இடம் அது பெயர் பிடிக்கும் விதம். தோட்டத் தொழிலாளர் காலையில் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர்ப்பட்டியல் கணக்கப்பிள்ளை கையில் இருக்கும். இங்கே பட்டியலும் கிடையாது, கணக்கப்பிள்ளையும் கிடையாது. ஒரு கருவி முதலில் 0 முதல் 250 மில்லிசெக்கனுக்குள் ஏதோவொரு நேரம் பொறுத்திருக்கும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் எல்லாக் கருவியும் ஒன்றாகக் கத்தக்கூடாதே! பிறகு 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு, யூடிபி என்ற அனுப்பும் முறையின் 5353ஆம் போர்ட்டில், "இந்தப் பெயர் யாரிடமாவது இருக்கிறதா?" என்று 250 மில்லிசெக்கன் இடைவெளியில் மூன்று தடவை கேட்கும். பதில் வராவிட்டால் பெயர் அதற்கே. வந்துவிட்டால் அவாஹி பெயரின் வாலில் "-2" சேர்த்து மறுபடி கேட்கும். இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் ஒரே பெயரைக் கேட்டால், தாம் பதியப்போகும் விபரத்தை இரண்டும் பைட் பைட்டாக ஒப்பிடும். மதிப்புக் கூடியது வெல்லும். மற்றது ஒரு செக்கன் ஒதுங்கி நின்று திரும்பக் கேட்கும். நடுவரே இல்லாமல் வழக்குத் தீர்ந்துவிடுகிறது!

இனிக் கோளாறுக்கு வருவோம். ஐபிபி-யூஎஸ்பி கட்டளையை 'செக்' என்ற சொல்லுடன் ஓட்டுங்கள். பிரிண்டர் அதில் இல்லையென்றால் அது பழைய வகையாக இருக்கலாம். அப்போது மட்டுமே டிரைவரைத் தேடுங்கள். இருந்தால், அவாஹி-பிரவுஸ் கட்டளையை ஏ, ஆர், டி தெரிவுகளோடு ஓட்டி, 'எல்ஓ' என்ற லூப்பேக் இடைமுகத்தில் பிரிண்டர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் முதலில் அவாஹி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடியும் தெரியாவிட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. 0.8க்கு முந்திய அவாஹி லூப்பேக்கைக் கணக்கில் எடுக்காது. அல்லது அவாஹி-டீமன் கட்டமைப்புக் கோப்பின் 'அலவ்-இன்டர்ஃபேசஸ்' வரியில் யாரோ ஈதர்நெட்டை மட்டும் எழுதியிருப்பார்கள். 'எல்ஓ'வையும் சேர்த்து, அவாஹி, ஐபிபி-யூஎஸ்பி இரண்டு சேவைகளையும் மறுதொடக்கம் செய்யுங்கள்.

இதற்காக முழு இயக்கமுறைமையையும் அழித்துத் திரும்பப் போடுவது வீண் வேலை. பாடசாலைகளுக்குக் கணினி வழங்குபவர்கள், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவருக்கும் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பட்டியலில் பிரிண்டர் தெரிந்தும் அச்சடிக்காவிட்டால், பெயர்களை எந்த வரிசையில் எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பின் 'ஹோஸ்ட்ஸ்' வரியைத் திறங்கள். 'எம்டிஎன்எஸ்4_மினிமல்' என்பது 'டிஎன்எஸ்'ஸுக்கு (சேர்வரிடம் பெயருக்கு முகவரி கேட்கும் வழக்கமான முறைக்கு) முன்னால் இருக்கவேண்டும். பின்னால் இருந்தால், 'லோக்கல்' என்று முடியும் பெயரையும் கணினி முதலில் இல்லாத டிஎன்எஸ் சேர்வரிடம் கேட்டுக் காத்துக்கிடக்கும்.