பழைய காரின் பாகத்தைப் பட்டறை கெடுத்துவிட்டால் நுகர்வோர் சட்டத்தில் என்ன வழி?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் மெட்ராஸில் தயாரான கார். அதன் தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் கதவுக் கைப்பிடிகள் இரண்டைக் குரோம் பூசக் கொடுத்திருந்தேன். அந்தக் கைப்பிடி துத்தநாகக் கலவையில் வார்த்தது. பட்டறையில் டைகாஸ்ட் என்பார்கள். பழைய குரோமை எடுக்க இரும்பு பம்பரை ஆசிடில் போடுவதுபோல இதையும் போட்டால் உலோகமே கரையும். எனக்குத் திரும்பி வந்த கைப்பிடியில் பட்டாணி நுழையும் அளவுக்குக் குழிகள். "பழைய சாமான் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் பட்டறைக்காரர். என் கையில் இருந்த சீட்டில் "ஹேண்டில் 2, அட்வான்ஸ் 500" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. கொடுக்கும்போது அவை முழுசாக இருந்தன என்று காட்ட ஒரு போட்டோகூட இல்லை. அதனால் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

ஆனால் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை எல்லாம் அதில் 'சேவை'தான்: பிளேட்டிங், லேத் வேலை, பிளாக் போர் போடுவது (இன்ஜின் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைவது), பெயின்ட். செய்யவேண்டிய தரத்தில் செய்யாவிட்டால் அது 'சேவைக் குறைபாடு'. நட்புக்காக இலவசமாகச் செய்து கொடுத்த வேலைக்கு இது பொருந்தாது. காரைக் கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுகிறவர் என்றால் வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதுவே தன் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்டினால்தான் அவர் நுகர்வோர் ஆவார்.

புகார் கொடுக்கவேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேதான். இங்கே பலர் குழம்புகிறார்கள்: கணக்கில் எடுப்பது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை அல்ல, வேலைக்குக் கொடுத்த பணத்தை. அது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. பட்டறை கோவையில், நீங்கள் திருநெல்வேலியில் என்றாலும் திருநெல்வேலியிலேயே போடலாம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்த மாதிரி வழக்கில் உண்மையான சிக்கல் ஆதாரம்தான். பாகம் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் வேறு பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்துவிடாதீர்கள். அதோடு ஆதாரம் போய்விடும். அப்படியே வைத்து, எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். அப்புறம் அதே வேலை தெரிந்த இன்னொருவரிடமோ ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினியரிடமோ காட்டி, என்ன தவறு, எதனால் என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அந்தச் செய்திகளை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள்.

விலை காட்டுவதும் சிரமம்தான். கடையில் புதிதாகக் கிடைக்காத பொருளுக்கு விலைப்பட்டியல் ஏது? சென்னை புதுப்பேட்டை போன்ற இடத்தில் பழைய பாகம் விற்பவரிடம் அதே பாகத்துக்கு எழுத்தில் விலை வாங்கலாம். நீங்கள் முன்பு வாங்கியபோது கிடைத்த ரசீதும் உதவும். அப்பா ஓட்டிய கார் என்ற பாசத்துக்கு விலை போட முடியாது. ஆனால் மன உளைச்சலுக்குத் தனியாக இழப்பீடு கேட்கலாம். அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

பட்டறைக்காரர்கள் சொல்லும் இரண்டு விஷயத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒன்று, சீட்டின் அடியில் அச்சடித்த "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரி. அது இருப்பதாலேயே புகார் செய்யும் உரிமை போய்விடாது. அடுத்தவர் பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் நிபந்தனைகளைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதம் கடினமாகும். இன்னொன்று, "முழுக் கூலி கொடுத்தால்தான் பொருள்" என்று பிடித்துவைப்பது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருவது உண்மைதான். ஆனால் ஒப்புக்கொண்ட நோக்கப்படி வேலையை முடித்தவருக்குத்தான் தருகிறது. வேறு வழியில்லாமல் பணம் கொடுத்து வாங்கினால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை மோசம் என்பதற்காகப் போலீசுக்குப் போனால் பெரும்பாலும் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். உங்கள் அசல் பாகத்தை விற்றுவிட்டு வேறொன்றைக் கொடுத்திருந்தால் அது வேறு கதை. அது நம்பிக்கை மோசடி, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு.

சரி, வரிசை இதுதான். முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம்: என்ன கொடுத்தீர்கள், என்ன ஆனது, எவ்வளவு கேட்கிறீர்கள், 15 நாள் அவகாசம். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். பல கடைகள் அதிலேயே பேச வருவதுண்டு. மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் இணையம் வழியாகவே வழக்கைத் தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள். பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் போய்வாருங்கள். உத்தரவு வந்தும் கடைக்காரர் மதிக்காவிட்டால் நுகர்வோர் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும்.

இப்போதெல்லாம் எந்தப் பாகத்தைக் கொடுத்தாலும் அந்தப் பட்டறை மேஜைமேலேயே வைத்து நாலு போட்டோ எடுத்து, பட்டறைக்காரர் எண்ணுக்கே அனுப்பிவிடுகிறேன். சீட்டில் பாகத்தின் பெயர், அதன் நிலை, "டைகாஸ்ட், ஆசிடில் போடக் கூடாது" என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குகிறேன். எழுதித் தர மறுத்த இரண்டு இடத்தில் பொருளைக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.