இயந்திரம் புதுசு, நிரல் பழசு: வானிலை முன்னறிவிப்புக்குப் பின்னால்

43279. எந்த நாட்டு வானிலை மையத்தில் போய் இந்த எண்ணைச் சொன்னாலும் மீனம்பாக்கம் என்று புரிந்துகொள்வார்கள். 43278 நுங்கம்பாக்கம். செய்தியில் வெயிலைச் சொல்லும்போது தனித்தனியாக வாசிக்கிறார்களே, அந்த இரண்டு நிலையங்கள்தான். இப்படிப்பட்ட நிலையங்களின் தகவல் பல பத்தாண்டுகளாக ஐந்தைந்து இலக்கங்களாகத்தான் பயணப்பட்டது. 10312 என்று வந்தால், முதல் 1 வெப்பநிலைக்கான அடையாளம். அடுத்த 0, பூஜ்யத்துக்கு மேல் என்று சொல்கிறது. மீதி 312 என்பது 31.2 டிகிரி. 40085 என்றால், முதல் 4 அழுத்தத்துக்கான அடையாளம், மீதி 0085 என்பது கடல்மட்ட அழுத்தம் 1008.5 மில்லிபார். ஆயிரத்தின் ‘1’ எங்கே என்று கேட்கிறீர்களா? தந்திக் காலத்துச் சிக்கனம் அது. படிக்கிறவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தகவலை வாங்கி, பிரித்து, கணிப்பு மாதிரிக்குள், அதாவது வானிலையைச் சமன்பாடுகளால் கணக்கிடும் நிரலுக்குள், அனுப்பும் மென்பொருளில்தான் நான் வேலை பார்க்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஓரிடத்தில், இந்த இலக்கங்களைப் பிரித்துப் படிக்கும் பழைய டீகோடரை எடுத்துவிட்டுப் புதிதாக பைத்தான் மொழியில் எழுதினோம். பழையது ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் இருந்தது. எழுதியவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். எந்த வரி எதற்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. புதியதை ஒரு புயல் நாளின் தகவலைக் கொடுத்துச் சோதித்தோம். எல்லா நிலையமும் ஒழுங்காக வந்தது. சரி என்று ஏற்றிவிட்டோம். நாலாம் நாள் காலை, முன்னறிவிப்புப் பிரிவில் இருந்த மூத்தவர் ஒருவர் போன் செய்தார். “தம்பி, தெற்கு ஓரத்துல அழுத்தக் கோடு ஏதோ மாதிரி போகுது. அங்க ஸ்டேஷனே இல்லாத மாதிரி இருக்கே?”

உண்மையிலேயே இல்லை. 0085 என்பதை எண்ணாக மாற்றியபோது முன்னால் இருந்த பூஜ்யங்கள் உதிர்ந்து 85 ஆகிவிட்டது. அடுத்த படியில், நான்கு இலக்கம் இல்லாவிட்டால் தகவல் வரவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வரி. நாங்கள் சோதித்த நிலையங்களிலோ அன்று அழுத்தம் ஆயிரத்துக்குக் கீழே. 9985 என்று நான்கு இலக்கமும் முழுசாக வந்ததால் பிழை வெளியே தெரியவில்லை. சாதாரண நாள் வந்ததும், அழுத்தம் ஆயிரத்துக்கு மேல் இருந்த ஒவ்வொரு நிலையமும் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது.

எங்கேயும் எச்சரிக்கை வரவில்லை. தகவல் குறைந்தால் கணிப்பு மாதிரி நின்றுபோகாது. முந்தைய ஓட்டத்தின் விடையைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும், படமும் அழகாகத்தான் வரும். வங்கிக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் சாயங்காலமே இடிக்கும். இங்கே இடிக்காது. இந்தத் துறையின் மென்பொருளைப் புதுப்பிப்பது ஏன் இவ்வளவு கவனமான வேலை என்று எனக்கு உறைத்தது அந்த நாலு நாளில்தான்.

இயந்திரம் வாங்குவது செய்தியாகிவிடுகிறது. 2024 செப்டம்பரில் புனேயில் ‘அர்க்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என்று இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. முதலாவது 11.77 பெட்டாஃப்ளாப்ஸ், மற்றது 8.24. ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்கு. 2025 மே 26 அன்று, 6 கி.மீ. இடைவெளியில் கணிக்கும் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு அறிமுகமானது. அதற்கு முன் 12 கி.மீ. இடைவெளி பாதியானால் கட்டங்கள் நான்கு மடங்காகும், கணக்கிடும் காலப்படியையும் பாதியாக்க வேண்டும், ஆக வேலை சுமார் எட்டு மடங்கு. இயந்திரம் வேண்டும்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் பிராசஸரின் வேகம் 2005 வாக்கிலேயே ஏறுவதைக் குறைத்துக்கொண்டது. இப்போது பெரிய இயந்திரம் என்றால் ஆயிரக்கணக்கான பிராசஸர்கள் சேர்ந்தது என்றுதான் அர்த்தம். வேலையை அத்தனை பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கத் தெரியாத நிரலை அதில் ஏற்றினால், பாதிப் பிராசஸர்கள் மற்றதற்காகக் காத்துக்கொண்டு சும்மா நிற்கும்.

இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டன் வானிலைத் துறையின் ‘யூனிஃபைடு மாடல்’. நொய்டாவில் இருக்கும் நம் தேசிய மையம் ஓட்டும் மாதிரிகளில் ஒன்று அதன் வழிவந்ததுதான், அதனால் அந்த விவகாரம் நமக்கும் சொந்தம். 1990களின் தொடக்கத்திலிருந்து ஓடும் நிரல் அது. பூமியை அட்சரேகை, தீர்க்கரேகையால் கட்டம் கட்டுகிறது. நம் பக்கம் கி.மீ. கணக்கில் விலகி இருக்கும் புள்ளிகள், துருவத்தில் சில மீட்டர் தூரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு மூலையில் பிராசஸர்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எத்தனை பிராசஸர் கூட்டினாலும் கழுத்தைப் பிடிப்பது அந்த இடம்தான்.

கட்டத்தை மாற்றினால் நிரலின் அடித்தளமே மாறும். அதற்கான ஆய்வை 2011-ல் தொடங்கினார்கள். கனசதுரப் பெட்டியை ஊதி உருண்டையாக்கினால் எப்படி இருக்கும், அந்த மாதிரிக் கட்டம். புதிய நிரலுக்கு லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் நினைவாகப் பெயர் வைத்தார்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தவர் அவர். விடை மோசமாகத் தப்பியது, அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. முறை மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தப் புது நிரலில் எனக்கு மிகவும் பிடித்தது வேலையைப் பிரித்திருக்கும் விதம். விஞ்ஞானி, காற்றுக்கும் ஈரத்துக்கும் உரிய சமன்பாட்டை மட்டும் ஃபோர்ட்ரானில் எழுதுகிறார். அதை ஆயிரம் பிராசஸர்களில் எப்படி ஓட்டுவது, ஜிபியு என்ற வரைகலைச் சிப்பில் எப்படி ஓட்டுவது என்பதை ‘சைக்ளோன்’ என்றே ஒலிக்கும் பெயர் கொண்ட கருவி தானாக எழுதிக் கொடுக்கிறது. நாளைக்கு வேறு வகை இயந்திரம் வந்தால் அந்தக் கருவியைத் திருத்தினால் போதும், மழைச் சமன்பாட்டில் கை வைக்க வேண்டாம். நம் பாரத் அமைப்பு வேறு வழியில் போயிருக்கிறது. துருவத்தை நோக்கிப் போகப் போகப் புள்ளிகளைக் குறைக்கும் கட்டம் அதில்.

புது இயந்திரமே இல்லாமல் கிடைத்த லாபமும் உண்டு. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் 2021 மே மாதத்தில் தன் நிரலை 64 பிட் எண்ணிலிருந்து, துல்லியம் குறைந்த ஆனால் வேகமான 32 பிட்டுக்கு மாற்றியது. மிச்சமான நேரத்தில், தொடக்கத்தைச் சற்றே மாற்றிப் பல முறை ஓட்டும் குழுமக் கணிப்பில் வளிமண்டல அடுக்குகளை 91-லிருந்து 137 ஆக்கினார்கள். மென்பொருளில் உட்கார்ந்து வேலை பார்த்ததன் பலன் அது.

அப்புறம் சோதனை. பழைய நிரலும் புதிய நிரலும் அச்சாக ஒரே விடை தராது. கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கம் மாறும், பத்து நாள் கணிப்பில் அது ஊதிப் பெரிதாகும். 1961-ல் அமெரிக்க வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று தட்டியதும், கணிப்பு வேறு பக்கம் போய்விட்டது. ஆகவே இரண்டையும் மாதக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, எது நிஜத்துக்கு அருகில் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இதை இணை ஓட்டம் என்கிறோம். திட்டம் தாமதமானால் முதலில் வெட்டப்படுவது இதுதான், அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் சோதித்த ஒரு நிரல் வடகிழக்குப் பருவமழையைப் பார்த்ததே கிடையாது. அதை நம்பி அக்டோபரில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் எச்சரிக்கை கொடுப்பது சரியில்லை.

இயந்திரத்துக்கு டெண்டர் போடும்போதே மென்பொருளுக்கும் ஆளுக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். டீகோடரைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருந்தால், அவர் கிளம்பும் நாளில் அந்த ‘ஆயிரத்தின் 1’ பற்றிய அறிவும் கிளம்பிவிடும். எங்கள் விஷயத்தில் பழைய ஃபோர்ட்ரானில் அது ஒரே வரியாகத்தான் இருந்தது. ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட்ரான் செத்துப்போன மொழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உலகத்தின் பெரும்பாலான வானிலைக் கணிப்பு இன்னும் அதில்தான் ஓடுகிறது. ஐரோப்பிய மையத்தின் ‘எக்கோட்ஸ்’ என்ற டீகோடர் இலவசம், பைத்தானிலிருந்தே கூப்பிடலாம். இறக்கிக்கொண்டு, ஒரு நிலையத்தின் தகவலைப் பிரித்துப் பாருங்கள். முதலில் அழுத்தத்தைப் பாருங்கள்.