தேதியை எழுதி வாங்குங்கள்

வழக்கறிஞரான என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பலர் சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் அலைந்தவர்கள். மூட்டு ஆபரேஷன், கர்ப்பப்பை ஆபரேஷன் என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ஓ.பி. சீட்டை வாங்கிப் பார்த்தால் மாத்திரைப் பெயர்கள் மட்டும்தான் இருக்கும். "தேதி சொல்றோம்னு சொன்னாங்க மேடம்" என்பார்கள். யார் சொன்னது, ஏன் தள்ளிப்போனது, எதுவும் எழுத்தில் இராது. இத்தனை நாள் காத்திருந்ததற்கே சான்று இல்லாமல் போய்விடுகிறது.

அதனால் ஆபரேஷன் தேதியைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தள்ளிப்போனால் காரணத்தையும். காலையிலிருந்து ஓயாமல் நோயாளி பார்க்கும் பயிற்சி மருத்துவரிடம் சண்டை போடாதீர்கள். பெட் போதாதது அவர் குற்றமல்ல. அவர் எழுத மறுத்தால் ஆர்.எம்.ஓ.விடம் (நிலைய மருத்துவ அலுவலர்) ஒரு வெள்ளைத்தாளில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, "காத்திருப்போர் பட்டியலில் நான் எத்தனையாவது?" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில்.

அவசர சிகிச்சை என்றால் இந்தக் காத்திருப்புப் பேச்சுக்கே இடமில்லை. மேற்கு வங்கத்தில் 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சொந்தக் காசில் சிகிச்சை பெற்றார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தர 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மூச்சுத் திணறி வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும்போது இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றத்தான் வேண்டும் என்றால், முதலுதவி செய்து, கடிதம் கொடுத்து, ஆம்புலன்ஸில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

சிகிச்சை ஆவணங்களும் உங்களுக்கு உரியவை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர்கள் தர வேண்டும் என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள்.

"புகார் கொடுத்தா உள்ளே படுத்திருக்கிறவரைக் கவனிக்காம விட்டுடுவாங்களே" என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வார்டில் சத்தம் போட வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒருவர் தன் பெயரில் புகாரை டீனுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பட்டும். அரசு மருத்துவ உதவி எண்ணான 104-க்கு அழைத்தும் சொல்லலாம்.