சிக்னலில் உங்கள் கால் தரையைத் தொடுகிறதா?

மணிக்கட்டில் மாவுக்கட்டுப் பிரித்த மூன்றாம் நாள் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார் ஒருவர். வயது 42. எந்த வண்டியும் இடிக்கவில்லை. சைக்கிளில் காலணியைப் பூட்டிக்கொள்ளும் புது க்ளிப்லெஸ் பெடல் மாட்டி ஒன்பது நாள். சிவப்பு விழுந்ததும் இடது காலைச் சரியாகக் கழற்றிவிட்டார். ஆனால் உடம்பு வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. பூட்டியிருந்த வலது காலைப் பதற்றத்தில் மேலே இழுத்தார். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் பூட்டு விடும். அது அவருக்குத் தெரியும், காலுக்கு இன்னும் பழகவில்லை. கையை ஊன்றி விழுந்தார். நம் சாலையில் வலப்பக்கம்தான் பஸ் வரும். அன்று வராதது அவர் நல்ல நேரம்.

காலணியைப் பெடலோடு பூட்டும் பொருளுக்கு ‘க்ளிப் இல்லாதது’ என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. பந்தய வீரர்கள் முன்பு கூடும் வாரும் போட்டுப் பாதத்தைக் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கூடுதான் க்ளிப். பனிச்சறுக்குப் பூட்டுகள் செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம் 1984-ல் கூடில்லாத பெடலைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். பந்தயத்துக்காகப் பிறந்த பொருள் அது. காய்கறி வாங்கவும் ஆபீஸ் போகவும் ஓட்டுகிறவருக்கு அது கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

“மேலே இழுத்தும் மிதிக்கலாம், சக்தி கூடும்” என்பார்கள். வேண்டுமென்றே இழுத்து மிதிக்கச் சொல்லி ஆய்வகத்தில் அளந்தபோது, அதே வேலைக்கு உடல் அதிக ஆக்சிஜனைச் செலவழித்தது. சைக்கிளை ஓட்டுவது பெரும்பாலும் கீழ்நோக்கி மிதிக்கும் தொடையும் பிட்டமும்தான். வேகமாகச் சுழற்றும்போது பாதம் வழுக்காது என்பது உண்மையான பலன். வாரக்கடைசியில் மாமல்லபுரம் வரை விரட்டுகிறவர்களுக்கு அது உதவும்.

எனக்கு அதிகக் கவலை முழங்கால்தான். இடது முட்டியின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்று ஒரு விரிவுரையாளர் வந்தார். உயரமான மேசையில் உட்கார வைத்து காலைத் தொங்கவிடச் சொன்னேன். வலது பாதம் நேராக இருந்தது. இடது பாதம் தானாக வெளிப்பக்கம் பார்த்தது. காலணியைத் திருப்பினால், பெடலில் பூட்டிக்கொள்ள அடியில் மாட்டும் க்ளீட் இரண்டும் அளவுகோல் வைத்தாற்போல நேராக, சிவப்பு நிறத்தில். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் சாலை க்ளீட்டில் சிவப்பு பாதத்தை அசையவே விடாது. நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி இடம் கொடுக்கும். ஒரு மணி நேரத்தில் சில ஆயிரம் முறை மிதிக்கிறோம். ஒவ்வொரு மிதியிலும் பாதம் போக நினைத்த பக்கம் போக முடியாமல் முட்டி அந்த முறுக்கை வாங்கியிருக்கிறது. மஞ்சளுக்கு மாற்றி, இடது க்ளீட்டை அவர் பாதத்தின் போக்குக்குத் திருப்பி வைத்தோம். பயிற்சிகளோடு சேர்ந்து ஐந்து வாரத்தில் வலி அடங்கியது.

தினசரி ஓட்டத்துக்கு என் பரிந்துரை பூட்டில்லாத, தட்டையான ஃப்ளாட் பெடல். ஆனால் ரப்பர் தேய்ந்து வழவழவென்றாகிவிட்ட பழைய கட்டை வேண்டாம். அகலமாக, சொரசொரப்பாக அல்லது சின்ன ஆணிகளோடு இருக்கட்டும். மழையில் ரப்பர் செருப்போடு மிதிக்காதீர்கள். வழுக்கிப் பெடல் முன்னங்காலைக் கிழித்த காயங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடிப்பாகம் தட்டையாக, அதிகம் வளையாத ஷூ போதும்.

க்ளிப்லெஸ்தான் வேண்டும் என்றால் ஒருபக்கம் ஃப்ளாட், மறுபக்கம் எஸ்.பி.டி. என்ற ஷிமானோ பூட்டு உள்ள பெடலில் தொடங்குங்கள். பூட்டின் ஸ்பிரிங்கை நன்றாகத் தளர்த்துங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் நூறு தடவை மாட்டிக் கழற்றுங்கள். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே இடது காலைக் கழற்றிவிட்டு, நிற்கும்போது இடப்பக்கமே சாயுங்கள்.

மணிக்கட்டுக்காரர் இப்போது வாரநாளில் ஃப்ளாட்டில்தான் போகிறார். கடைக்குப் போகாமல் தானே மாற்றினாராம். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்று சொல்லியனுப்பியிருந்தேன். ஸ்பேனரைப் பிடித்துத் திருக அவர் கையில் பலம் வந்துவிட்டது என்பதுதான் எனக்கு அதில் பெரிய செய்தி.