கசிவு மின்னோட்டம்: ஒழுகலும் பொசிவும் சேர்ந்து சொல்வது

'மின்கசிவால் தீ விபத்து' என்று செய்தித்தாள்களில் படித்துப் படித்து, மின்கசிவு என்றாலே கம்பியோடு கம்பி உரசித் தீப்பொறி பறப்பது என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. அந்தச் செய்திகள் பெரும்பாலும் சொல்வது 'ஷார்ட் சர்க்யூட்' பற்றி. அதற்குக் குறுக்குச்சுற்று என்ற நல்ல தமிழ்ச்சொல் தனியாகவே உண்டு. மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் 'லீக்கேஜ் கரண்ட்' என்று சொல்வது முற்றிலும் வேறு: கருவிக்கு அனுப்பும் மின்சாரத்தில் அதன் உலோகப் பெட்டிக்கும் எர்த்துக்கும் போய்ச் சேரும் சிறு பங்கு. பழுதே இல்லாத, நேற்றுப் பெட்டியைப் பிரித்து எடுத்த கருவியிலும் அது இருக்கும். இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. எவ்வளவு இருக்கிறது என்றுதான் சோதிக்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லின் வேரும் இதைத்தான் சொல்கிறது. பழைய நார்ஸ் மொழியில் 'லேகா' என்றால் சொட்டுதல். அதே குடும்பத்திலிருந்துதான் 'லீக்' வந்தது. 'லீக்கேஜ்' என்ற சொல்லுக்கு வணிகத்தில் இன்னொரு பொருளும் இருந்தது: மரப்பீப்பாய்களில் மது கொண்டுபோகும்போது வழியில் கசிந்து குறையும் அளவுக்காக முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் கழிவு. பீப்பாய் என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், இவ்வளவு வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் கேள்வி கேட்போம் என்ற கணக்கு. இன்றைய மின்பாதுகாப்புத் தரநிலைகளும் இதே கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் கைவசம் உள்ளன: ஒழுகல், கசிவு, பொசிவு. கூரை ஒழுகுகிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது, அடைக்க வேண்டும். மண்பானை கசிகிறது என்றால் அதில் ஓட்டை எதுவும் இல்லை. நுண்ணிய துளைகள் வழியாக நீர் வெளியே வருவது அந்தப் பானையின் இயல்பு, தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். உள்ளே நிறைந்திருப்பது உடைப்பில்லாமலே வெளியே வருவதுதான் கசிவு. சம்பந்தர் 'காதலாகிக் கசிந்து' என்று பாடியதும் அந்தப் பொருளில்தான். பொசிவுக்கு ஔவையின் மூதுரை இருக்கிறது: 'நெல்லுக்கு இறைத்தநீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்.' மின்பொறியியலில் லீக்கேஜ் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கிய வரியை நான் பார்த்ததில்லை. மின்சாரம் அனுப்பியது கருவிக்காக, ஆனால் வழியில் உலோகப் பெட்டிக்கும் கொஞ்சம் போய்ச் சேருகிறது.

எப்படிப் போகிறது? கருவிக்குள் வரும் மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்ட, மின்கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே சிறிய மின்தேக்கிகளை வைப்பார்கள். 4.7 நானோஃபாரட் அளவுள்ள ஒரு மின்தேக்கியை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 340 மைக்ரோஆம்பியர் எர்த்துக்குப் போகும். மைக்ரோஆம்பியர் என்பது ஒரு ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதில் எந்தக் காப்புறையும் கிழியவில்லை. எர்த் கம்பி நன்றாக இருக்கும்வரை இது சத்தமில்லாமல் தரைக்குப் போய்விடும். எர்த் அறுந்துபோனால், அதே 340 மைக்ரோஆம்பியர் பெட்டியைத் தொடுகிறவர் உடல் வழியாகப் போகும்.

தொடுகிறவர் நர்ஸாக இருந்தால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. கையில் லேசாகச் சுரீரென்று உணரவே சுமார் 1,000 மைக்ரோஆம்பியர் வேண்டும். 'கை வைத்துப் பார்த்தேன், ஷாக் அடிக்கவில்லை' என்று யாராவது சொன்னால் எனக்குப் பதைக்கும். ஏனென்றால் படுக்கையில் இருப்பவரின் நிலைமை வேறு. அவருடைய இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் ஒரு கதீட்டரோ (மெல்லிய குழாய்) தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியோ போயிருக்கலாம். தோல் தரும் தடை அங்கே இல்லை. வரும் மின்சாரம் முழுவதும் இதயத் தசையின் ஒரு சின்னப் புள்ளியில் இறங்கும். நர்ஸ் உணரவே முடியாத அளவு, அங்கே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இதைத்தான் 'மைக்ரோஷாக்' என்கிறார்கள். நுண்ணதிர்ச்சி என்று சொன்னால் தமிழில் சரியாகப் பொருந்தும். கசிவு கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்க வீட்டில் மாட்டும் 30 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி.யை நம்பவும் வழியில்லை. இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள பாகங்களுக்குத் தரநிலை வைத்திருக்கும் 50 மைக்ரோஆம்பியர் எல்லையைப் போல் 600 மடங்கு வந்தால்தான் அது அசைந்து கொடுக்கும்.

தரநிலைகள் இரண்டு வகை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐ.இ.சி. என்ற பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60601-1 என்பது தயாரிப்பாளருக்கானது. 1977-இல் முதலில் வந்தது, இந்தியத் தரநிலையாக ஐ.எஸ். 13450 என்ற வரிசையில் ஏற்கப்பட்டிருக்கிறது. ஒரு மாதிரிக் கருவியை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படாதபாடு படுத்திப் பார்ப்பது அதன் வேலை. வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் கருவியை ஒவ்வொரு வருடமும் அப்படிச் செய்தால் சோதனையே கருவியைக் கெடுத்துவிடும். ஆகவே பயன்பாட்டிலுள்ள கருவிகளுக்காக 2007-இல் ஐ.இ.சி. 62353 வந்தது, 2014-இல் திருத்தப்பட்டது. எர்த் கம்பியின் தடையை அளக்க முதல் தரநிலை 25 ஆம்பியர் கேட்கும், இது 200 மில்லிஆம்பியரே போதும் என்கிறது. மின்கயிற்றோடு சேர்த்து அந்தத் தடை 0.3 ஓமைத் தாண்டக் கூடாது.

கசிவை அளக்கும் முறையும் எளிதுதான். சோதனைக் கருவிக்குள் நோயாளிக்குப் பதிலாக 1,000 ஓம் மின்தடை ஒன்று உட்கார்ந்திருக்கும். எர்த் இணைப்பை வேண்டுமென்றே விடுவித்துவிட்டு, அந்தத் தடை வழியே எவ்வளவு போகிறது என்று பார்ப்பார்கள். எர்த் தேவைப்படும் முதல் வகுப்புக் கருவிக்கு 500, இரட்டைக் காப்புள்ள இரண்டாம் வகுப்புக்கு 100 மைக்ரோஆம்பியர் எல்லை. இப்படித் தடை வழியே நேரடி முறையில் அளக்கும்போது இந்த எண்கள். நோயாளியின் உடலில் படும் பாகங்களுக்குத் தனிக் கணக்கு: இதயத்தோடு நேரடித் தொடர்பில்லாத பிஎஃப் வகைக்கு 5,000, இதயத்தோடு தொடர்புள்ள சிஎஃப் வகைக்கு 50 மைக்ரோஆம்பியர். மானிட்டரில் கேபிள் செருகும் இடத்தின் அருகே சதுரத்துக்குள் ஒரு இதயம் வரைந்திருந்தால் அது சிஎஃப், சதுரத்துக்குள் மனித உருவம் என்றால் பிஎஃப்.

இந்த எண்ணைத் தாண்டவில்லை என்று கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிவதில்லை. கருவி வந்த முதல் நாள் எடுத்த அளவைக் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதோடு ஒப்பிட வேண்டும். சிஎஃப் பாகம் ஒன்றில் 12 மைக்ரோஆம்பியர் என்று இருந்தது 14 ஆனால் சரி. அதே இடம் 41 காட்டினால், எல்லை 50 தானே என்று விட்டுவிடக் கூடாது, உள்ளே காப்பு தளர ஆரம்பித்திருக்கலாம். பழுது பார்த்துத் திரும்பி வந்த கருவிக்கும் இந்தச் சோதனை கட்டாயம். அதை வார்டுக்கு அவசரமாக அனுப்பும்போதுதான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? பொதுச்சொல்லாகக் கசிவு மின்னோட்டம். அதன் உட்பிரிவுகளில் 'எர்த் லீக்கேஜ்' என்பதற்கு நிலக்கசிவு, 'டச் கரண்ட்' என்பதற்குத் தொடு மின்னோட்டம், 'பேஷண்ட் லீக்கேஜ்' என்பதற்கு நோயாளிவழிக் கசிவு. பொசிவு எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் பேச்சில் இப்போது அதிகம் புழங்காததால் கசிவையே வைத்துக்கொள்கிறேன். ஒழுகல் என்ற சொல்லையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. அளவு எல்லையைத் தாண்டி, கருவியை வார்டிலிருந்து எடுத்துச் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டி வரும்போது, அப்போது அதை ஒழுகல் என்றே எழுதலாம்.